யார் கடலில் குளிப்பவர்?

ஆய்வுக்கு ஆள் வராது என்றுதான் றொஷேல் பயந்துகொண்டிருந்தாள். ஆனால் அன்று காலை சிலாவத்துறைப் பொதுநோக்கு மண்டபத்துக்கு முன்னால் அவள் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது, வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் ஆண்கள் வரிசையில் நின்றார்கள். கழுவிய முகமும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, ஏதோ வேலைக்கு நேர்முகம் கொடுக்க வந்தவர்களைப் போல நின்றார்கள்.

"அக்கா, பார்த்தீங்களோ? எங்கட ஆக்கள் ஒத்துழைக்க மாட்டினம் எண்டு ஆர் சொன்னது?" என்றான் மில்ரன். பேசாலைப் பெடியன். கேள்வி கேட்டுப் பதிவதற்காக அவளிடம் சேர்ந்திருந்தவர்களில் வாய்த்துடுக்கும் சுறுசுறுப்பும் கூடியவன்.

தோட்டவெளியில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்து, கொழும்பில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தவள் றொஷேல். இந்த ஆய்வின் மன்னார்ப் பகுதி முழுவதும் அவள் பொறுப்பு. ஆய்வு எதைப் பற்றியது என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கடலட்டைக்கும் சங்குக்குமாக முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடிக்கடலுக்குப் போகிறவர்கள், அவசரப்பட்டு மேலே வந்தால் இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி கட்டி, கைகால் விழுந்துபோகிறது. சிலருக்கு உயிரே போகிறது. நேரத்துக்கு ஓர் அழுத்த அறைக்குள் படுக்க வைத்தால் பலரைக் காப்பாற்றலாம். அந்த அறை இருந்த ஊருக்கோ மன்னாரிலிருந்து பல மணி நேர ஓட்டம். போய்ச் சேர்வதற்குள் பிழைக்க வேண்டியவன் முடமாகிவிடுவான்.

இப்போது அப்படி ஒரு அறை புதிதாக வரப்போகிறது. இரண்டு கரையோர மாவட்டங்களில் எது அதிகம் பாதிக்கப்பட்டது என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதைக் கண்டறியும் ஆய்வைக் கொழும்பிலிருந்து நடத்தியவர் டொக்டர் பிரான்சிஸ்கா.

கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி, யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, டெப் என்கிற கைக்கணினிக்குள் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். முதல் கேள்விதான் வாசற்கதவு. "நீங்கள் கடலில் குளிப்பவரா?" ஓம் என்றால் கதவு திறந்து மற்றக் கேள்விகள் வரும். இல்லை என்றால், நன்றி சொல்லி டெப் மூடிக்கொள்ளும்.

அன்று யாருக்கும் அது மூடிக்கொள்ளவில்லை.

மத்தியானம் போல் றொஷேல் மில்ரனின் மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். எதிரே கதிரையில் இருந்தவரின் சட்டைக் கையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. சந்தியில் தையல் கடை வைத்திருப்பவர்.

"எவ்வளவு காலமா ஐயா கடலில குளிக்கிறீங்கள்?"

"சின்ன வயசில இருந்து."

"ஒரு சிலிண்டர் உங்களுக்கு எவ்வளவு நேரம் வரும்?"

தையல்காரர் மேலே பார்த்து யோசித்தார். "நாங்கள் வீட்டில நாலு பேர் தம்பி. ஒரு மாசத்துக்கு மேல வரும். ரொட்டி சுட்டால் கொஞ்சம் முந்தி முடிஞ்சிடும்."

மில்ரன் அதைப் பதிந்துகொண்டிருந்தான். றொஷேல் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"ஐயா, நீங்கள் கடலுக்குள்ள போய் அட்டை எடுக்கிறனீங்களோ?"

"ஐயோ இல்லை மிஸ். எனக்கு ஆழமெண்டாலே தலை சுத்தும். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில பிள்ளையளோட போய்க் கடலில குளிப்பன். அதைத்தானே கேட்டவர்?"

அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். கேள்விதான் மடக் கேள்வி. இந்தக் கரையில் சுழியோடுவதும் குளிப்பதுதான், உடம்பு நனைப்பதும் குளிப்பதுதான். கடற்கரையில் பிறந்தவன் எவன் கடலில் குளிக்காதவன்? அதோடு, பதிந்தவர்களுக்குப் படகு எஞ்சின் கொடுக்கப்போகிறார்கள் என்று யாரோ முதல்நாளே ஒரு கதையைக் கட்டிவிட்டிருந்தார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் ஓம் என்று சொல்லி வைப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

பின்னேரம் மண்டபம் பூட்டும் நேரத்தில், தலையில் உப்புப் பூத்த ஒருவர் தோளில் துவாயோடு அந்தப் பக்கமாக வந்தார். பெயர் சாஹுல் ஹமீட். கரையில் நெடுங்காலமாகச் சிலிண்டர் கட்டிக் குளிக்கிறவர். விசயத்தைக் கேட்டதும் வாசற்படியிலேயே குந்திச் சிரித்தார்.

"காலைல இருந்து எங்கட ஆள் ஒருத்தனும் கரையில இல்ல தங்கச்சி. எல்லாரும் கடலுக்குள்ள. நீங்க ஆரைப் பதிஞ்சீங்க?"

றொஷேலுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. குளிக்கிறவர்களைத் தேடி வந்து, அவர்கள் கடலில் இருக்கும் நேரம் பார்த்துக் கடை விரித்திருக்கிறோம்.

டொக்டர் பிரான்சிஸ்கா இரண்டு நாளிலேயே அழைத்தார். பதிவான விடைகள் அவருடைய கணினியில் உடனுக்குடன் விழுந்துகொண்டிருந்தன.

"றொஷேல், ஒரு சின்ன ஊரில இவ்வளவு சுழியோடிகளோ? இதில ஒரு ஆள் சிலிண்டர் ஒரு மாதம் வருமெண்டு சொல்லியிருக்கிறார்."

"அது சமையல் காஸ், டொக்டர்."

"இதைக் கொண்டுபோய்க் காட்டினால் மன்னாரை அப்பிடியே ஒதுக்கிப்போடுவினம். மற்ற மாவட்டத்தில வேலை ஒழுங்காப் போகுது. உங்களால இதைத் திருத்தேலுமெண்டா திருத்துங்கோ. ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ, நான் குறை நினைக்க மாட்டன்."

"திருத்திறன் டொக்டர். ஆனா கேள்வியை நான்தான் எழுதுவன்."

"எழுதுங்கோ. அது வேலை செய்யுதெண்டு எனக்குக் காட்டுங்கோ."

றொஷேல் அடுத்த நாள் பின்னேரம் சாஹுல் ஹமீடின் வாடிக்கு, கரையோரத்து ஓலைக் கொட்டிலுக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே யோசனை. கல்யாண மண்டபத்து வாசலில் காவலாளி நின்று, 'நீ இந்தக் கல்யாணத்துக்கு வந்தவனா?' என்று கேட்டால் எவன் இல்லை என்பான்? பிரியாணி மணம் வருகிறது, ஓம் என்று சொல்லிவிட்டு உள்ளே போவான். கேட்க வேண்டியது, 'பெண்ணின் பெயர் என்ன?' என்று. குளிக்கிறவனுக்கு மட்டும் தெரிந்த பெண்ணின் பெயர் எது? அதைத்தான் அவள் தேடிப் போனாள்.

சாஹுல் ஹமீடையும் அவரோடு தொழில் செய்யும் இருவரையும் ஒருவர் காதில் மற்றவர் பேச்சு விழாதபடி தனித்தனியே இருத்தி, ஒரே கேள்விகளைக் கேட்டாள். எந்தக் காலத்தில் தொழில், எந்தப் பக்கம் கடலடிப் பாறை, என்ன விலை. பதில்கள் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. ஒன்றிலும் பிடி கிடைக்கவில்லை. கடைசியில், அந்தத் தையல்காரரை நினைத்துக்கொண்டு, சும்மா கேட்டாள்.

"ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?"

"எத்தனை பாகத்தில?" என்றார் முதலாமவர்.

இரண்டாமவரிடம் கேட்டாள். "எத்தனை பாகத்தில எண்டு சொல்லுங்கோ" என்றார் அவரும்.

சாஹுல் ஹமீட் கேள்வியை முடிக்கவே விடவில்லை. "அது பாகத்தைப் பொறுத்தது தங்கச்சி. ஆழத்தில காத்துக் கெதியா முடிஞ்சிடும்."

மூன்று பேரும் நேரத்தைச் சொல்லவில்லை, ஆழத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள் என்பதை றொஷேல் கவனித்தாள். குளிக்காதவன் ஏதாவது ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பான். குளிக்கிறவனால் எத்தனை பாகம் ஆழம் என்று தெரியாமல் அதற்குப் பதிலே சொல்ல முடியாது. அவள் தேடி வந்த பெண்ணின் பெயர் கிடைத்துவிட்டது.

அங்கேயே, வாடிக்குள் கவிழ்த்திருந்த பிளாஸ்ரிக் பெட்டியின் மேல் டெப்பை வைத்துக் கேள்விகளை மாற்றத் தொடங்கினாள். குளிக்கிறீர்களா என்று நேரே கேட்பதில்லை. போன பருவத்தில் என்னென்ன தொழில் செய்தீர்கள் என்று கேட்டு, நண்டு வலை, கருவாடு, தோட்ட வேலை, கூலி என்று வாசித்துக்கொண்டு போகும்போது நடுவில் சுழியோடுவதையும் ஒன்றாகச் சேர்த்தாள். எது கதவைத் திறக்கும் என்று பதில் சொல்கிறவருக்குத் தெரியாது. சுழியோடுவதாகச் சொன்னவரிடம் மட்டும் சிலிண்டர் கேள்வி.

"எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லுற ஆளும் இருப்பான்" என்றார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சாஹுல் ஹமீட்.

"அவருக்கும் ஒண்டு வைக்கிறன்" என்று சொல்லி, பட்டியலில் இன்னொரு தொழிலை எழுதினாள்: முள்ளுக்கூட்டு வலை போடுதல்.

"அதென்ன வலை? கேள்விப்பட்டதில்லையே."

"நானும் கேள்விப்பட்டதில்லை. இப்பதான் பெயர் வச்சனான்."

சாஹுல் ஹமீட் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தகுதியில்லாதவரை மூஞ்சியில் அடித்தாற்போல் அனுப்பவும் அவள் விரும்பவில்லை. காலை வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற மனுசர். அதோடு, பாதியில் எழுப்பிவிட்டால் வெளியே போய் எந்தப் பதிலால் பிடிபட்டோம் என்று வரிசைக்குச் சொல்லிவிடுவார்கள். ஆகவே அவர்களுக்கென்று குடிதண்ணீரைப் பற்றிச் சில கேள்விகள். அந்தப் பதில்களைப் பிரதேச சபைக்குக் கொடுப்பதென்றும் முடிவு செய்தாள். உள்ளே போன எவரும் வெறுங்கையோடு வெளியே வந்ததாக நினைக்க வழியில்லை. நேரத்தையும் மாற்றினாள். இனிப் படகுகள் கரைக்கு வந்த பிறகுதான் மேசை போடுவது.

புதுக் கேள்விகளோடு சிலாவத்துறையை முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள். மில்ரன் ஒவ்வொரு நாளும் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான். கரையோரத்தில் முள்ளுக்கூட்டு வலை போடுகிறவர்கள் இத்தனை பேரா! ஒருவர் அது தன் பாட்டன் காலத்து வலை என்றார். இன்னொருவர் இப்போது நூல் விலை கூடிவிட்டதால் முன்னைப்போல் லாபமில்லை என்று கவலைப்பட்டார். அவர்களெல்லாம் குடிதண்ணீரைப் பற்றி மனம் திறந்து பேசிவிட்டுச் சந்தோசமாகப் போனார்கள். இந்தப் பக்கம், ஈரத் தலையோடு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக, "எத்தனை பாகத்தில?" என்று கேட்டு உள்ளே நுழைந்தார்கள்.

கொண்டச்சிப் பக்கமும் பேசாலையும் முடிந்தன. டொக்டர் பிரான்சிஸ்கா, "இது சுத்தமான தரவு. நல்ல வேலை, றொஷேல்" என்று செய்தி அனுப்பினார். றொஷேல் அதை இரண்டு தரம் வாசித்தாள். அன்று வீட்டில் இருந்த தம்பிக்கும் தகப்பனுக்கும் அவளே இறால் வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தச் சந்தோசம் விடத்தல்தீவு வரைக்கும்தான் வந்தது.

அங்கே ஒரு வீட்டு விறாந்தையில், சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தார். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். தோளும் கையும் திரண்டிருந்தன, கால்கள் மட்டும் குச்சியாய்ச் சூம்பிப்போயிருந்தன. டிலுக்சன் என்று பெயர் சொன்னார். மில்ரன் போன பருவத்தில் செய்த தொழில்களை ஒவ்வொன்றாக வாசித்தான். டிலுக்சன் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். சுழியோடுதலுக்கும் இல்லை. டெப் நேரே குடிதண்ணீருக்குப் போயிற்று.

"உங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி உவரோ ஐயா?" என்று மில்ரன் தொடங்கினான்.

உள்ளேயிருந்து அவர் மனைவி பெற்றிசியா வெளியே வந்தாள். "தம்பி, குளிக்கப் போய்ச் சுகமில்லாம வந்த ஆக்களைப் பதியிறீங்கள் எண்டு சொன்னிச்சினமே. இவரிட்டக் கிணத்தைப் பத்திக் கேக்கிறீங்கள்?"

மில்ரன் றொஷேலைப் பார்த்தான். றொஷேல் டெப்பைப் பார்த்தாள்.

"போன பருவத்தில குளிக்க இல்லைத்தானே பெற்றிசியா" என்றார் டிலுக்சன் அமைதியாக. "கட்டிலிலதானே கிடந்தனான். அதைத்தான் சொன்னன்."

இத்தனை ஊரிலும் நோய் கண்டவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று ஒரு நெருடல் றொஷேலுக்குள் இருந்துகொண்டேதான் இருந்தது. இப்போது புரிந்தது. போன பருவத்தில் கடலுக்குப் போனவர்கள் யார்? கைகால் சுகமாக இருப்பவர்கள். விழுந்தவர்களை அவளுடைய கேள்வி அழகாக வடித்து வெளியே ஊற்றிவிட்டது. போலிகளைப் பிடிக்கப் பின்னிய வலையில், யாருக்காக ஆய்வு நடக்கிறதோ அவர்களும் அகப்பட்டுப்போனார்கள்.

"அண்ணை, பிழை என்னிலதான்" என்றாள். "கேள்வியை மாத்திப்போட்டுத் திரும்பக் கேக்கிறன். கொஞ்சம் பொறுப்பீங்களோ?"

"நான் எங்க போகப்போறன்? ஆறுதலா மாத்துங்கோ" என்றார் டிலுக்சன்.

விறாந்தையிலேயே உட்கார்ந்து, 'போன பருவத்தில்' என்பதை வெட்டி, 'இதுவரை எப்போதாவது' என்று போட்டாள். இந்த வீட்டில் முன்பு சுழியோடி, இப்போது பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரோ இறந்துபோனவரோ உண்டா என்று இன்னொரு கேள்வியையும் சேர்த்தாள். பிறகு டிலுக்சனிடம் அவளே கேட்டாள்.

"ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் அண்ணை?"

"எத்தனை பாகத்தில பிள்ளை?"

பெற்றிசியா பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். "எங்கட வீடு மட்டுமெண்டு நினைக்காதீங்கோ" என்றாள். "கிளினிக்கில காலுக்குப் பயிற்சி குடுக்கிற நாளில இவரைக் கூட்டிக்கொண்டு போவன். அங்க வாற பெண்டுகள் எல்லாரையும் எனக்குத் தெரியும். எந்த ஊர், எந்த வீடு எண்டு நான் காட்டுறன். மேசை போட்டுக் கூப்பிட்டால் அதுகள் வராதுகள். எப்பிடி வாறது?"

அப்படித்தான் ஆய்வின் இரண்டாம் சுற்று தொடங்கியது. ஏற்கெனவே போன ஊர்களுக்கெல்லாம் மறுபடி போனார்கள். முன்னால் ஓட்டோவில் பெற்றிசியா, பின்னால் மோட்டார் சைக்கிளில் றொஷேல். மேசை இல்லை, வரிசை இல்லை. கூரைக்குக் கீழே, கட்டிலுக்குப் பக்கத்தில், சில வீடுகளில் சுவரில் மாட்டிய படத்துக்கு எதிரே இருந்து கேட்டார்கள். பெற்றிசியா கதவடியில் நின்று, "நான்தான், திறவுங்கோ" என்றால் போதும். கேள்வி கேட்கிறவர்கள் போகத் தயங்கிய வீட்டுக்குள் அவளுடைய குரல் முதலில் போயிற்று. எழும்ப முடியாதவர்களும், கையூன்றி எழுந்தவர்களும், ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தவர்களும், அந்தச் சிலிண்டர் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

முடிவுக் கூட்டம் மன்னார்க் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அறிக்கையைப் புரட்டினார். தமிழ் நன்றாகப் பேசினார்.

"டொக்டர், நான் இருபது வருசமா இப்படி அறிக்கை பார்க்கிறேன். ஏதாவது கிடைக்கும் என்று தெரிந்தால் எல்லோரும் ஓம் சொல்லுவார்கள். இவர்கள் உண்மையிலேயே சுழியோடிகள் என்று எப்படி நம்புவது?"

பிரான்சிஸ்கா றொஷேலைக் காட்டினார்.

றொஷேல் எழுந்தாள். "எங்களுக்கும் அதே பயம்தான் சேர். அதனால இல்லாத ஒரு வலையைப் பட்டியலில வச்சோம். அதைப் போடுறம் எண்டு சொன்ன ஒருவரையும் இந்தக் கணக்கில சேர்க்க இல்லை." முள்ளுக்கூட்டு வலையின் கதையைச் சொன்னாள். பாட்டன் காலத்து வலை என்றவரைப் பற்றிச் சொன்னபோது மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, தன் கேள்வியே பிழைத்துப்போனதையும், 'போன பருவத்தில்' என்ற இரண்டு சொல் யாரை வெளியே தள்ளியது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி கேள்வித்தாளைக் கையில் எடுத்தார். பெற்றிசியாவோடு வந்து பின் வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த டிலுக்சனைப் பார்த்தார்.

"நீங்கள்? ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?"

"எத்தனை பாகத்தில சேர்?"

'ஆழத்தைத் திருப்பிக் கேட்பவரே சுழியோடி' என்று தாளில் இருந்த குறிப்பை அதிகாரி பார்த்தார். டிலுக்சனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"மற்ற மாவட்டத்தில் இப்படி வடிகட்டினீர்களா?" என்று பிரான்சிஸ்காவிடம் கேட்டார்.

"இல்லை. கேட்டதும் ஓம் எண்டவரை எல்லாம் எடுத்திருக்கிறம். இனி அங்கயும் இந்தக் கேள்விகளோடதான் போகவேணும். றொஷேல் போவா."

போனாள். அங்கேயும் வடித்துப் பார்த்தபோது இரண்டு கணக்கையும் அருகருகே வைக்க முடிந்தது. மன்னாரின் கணக்கு ஓங்கி நின்றது. அடுத்த மாதமே அழுத்த அறை மன்னாருக்கு என்று முடிவாயிற்று. செய்தி வந்த அன்று சிலாவத்துறைக் கரையில் சாஹுல் ஹமீட் தொழிலுக்குப் போகவில்லை. போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் வட்டிலப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார். விடத்தல்தீவில் பெற்றிசியா அழுதாளாம், பிறகு உடனே, திறப்பு விழாவுக்கு யார் யாரை எந்த வாகனத்தில் ஏற்றுவது என்று கணக்குப் போடத் தொடங்கினாளாம். டிலுக்சனுக்கு அந்த அறையால் இனிப் பயனில்லை என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "எனக்குப் பிறகு விழுறவன் எழும்புவான்தானே டொக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

அறை திறந்து சில வாரத்தில், வங்காலைப் பக்கமிருந்து ஓர் இளைஞனைப் படகிலிருந்து நேரே வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தாய் செருப்பில்லாமல் பின்னால் ஓடிவந்திருந்தாள். அவனை அந்த உருளை அறைக்குள் படுக்கவைத்துக் கதவைப் பூட்டினார்கள். மறுநாளும் பூட்டினார்கள்.

மூன்றாம் நாள் றொஷேல் பார்க்கப் போனபோது அவன் கட்டிலில் இல்லை. தாதி சிரித்துக்கொண்டே நடைவழியைக் காட்டினாள். அந்த முனையிலிருந்து, சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுவரில் மற்றக் கையை ஊன்றி, அவன் தன் காலால் நடந்து வந்துகொண்டிருந்தான். தாய் பக்கத்தில் வந்தாள், பிடிக்க விடாமல் அவளை விலக்கினான்.

"மிஸ், நீங்கள் இஞ்ச வேலை செய்யிறனீங்களோ?" என்றான் றொஷேலைப் பார்த்து. "மூண்டு நாளாக் கஞ்சியைத்தான் தாறினம். மீன்குழம்போட சோறு வேணுமெண்டு ஆரிட்டக் கேக்கிறது?"

"என்னட்டயே கேளுங்கோ" என்றாள் றொஷேல். அவனுடைய தாயைக் கூட்டிக்கொண்டு கன்ரீனுக்கு நடந்தாள்.